ஒரே குவளையில் இரண்டு எண்ணிக்கை

மலாக்காவை ஒட்டிய பாச்சாங்கில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் போன மாதம் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். எனக்கு அல்ல. நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது இன்றும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. இந்த விருந்து, நான் இத்தனை வருடம் கட்டிக் காத்த தண்ணீர் விநியோகப் புரோகிராமை நிறுத்துவதற்காக. இனிமேல் வால்வுகளைக் கைப்பேசியிலிருந்தே திறக்கலாமாம். புதிய புரோகிராமை ஆள்கூட எழுதவில்லையாம், கணினியே எழுதிக்கொண்டதாம்.

கேக் வெட்டிய பிறகு ஓர் இளம் பொறியாளர் என்னிடம் வந்து, “அங்கிள், உங்க சர்வீஸ்ல பார்த்ததுலயே மோசமான பக் எது?” என்று மரியாதையாகக் கேட்டார். பக் என்றால் புரோகிராமில் ஒளிந்திருக்கும் தப்பு.

“ஐ,” என்றேன். “இங்கிலீஷ் எழுத்து ஐ. ஒரு இடத்துல இருக்க வேண்டியது ரெண்டு இடத்துல இருந்துச்சு.”

அவர் சிரித்தார். கறிபாப் பலகாரம் தீர்ந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. நான் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் படித்த கதை சின்னது. ஜாசினில் பள்ளி முடித்தேன். மலாக்கா டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு கணினிக்கு இருபது பேர் என்பதால் பெரும்பாலும் மற்றவர்களின் முதுகைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் சான்றிதழை நம்பி எனக்கு வேலை கொடுத்தவர் காதர் சார்.

காதர் சாரின் குடும்பம் மலாக்கா டவுனில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடையில் இருக்க, இவர் மட்டும் கணினிக்கு வந்துவிட்டார். ஆனாலும் துணிக்கடைப் பழக்கம் போகவில்லை. எதையும் ஒரு முறை அளந்துவிட்டு, அளந்தது சரிதானா என்று இன்னொரு முறை அளப்பார். குரலை உயர்த்த மாட்டார். அலுவலகம் கூட்டுகிற அம்மாவிலிருந்து மேலாளர் வரைக்கும் எல்லாருக்கும் ‘வாங்க, போங்க’தான்.

புரோகிராம் தப்பாக ஓடுகிறது என்று அவரிடம் போனால், அவர் சொல்லும் முதல் வார்த்தை “ஸ்கிரீனை அணைங்க” என்பதுதான். அடுத்து, தேநீர் போடும் அறையிலிருந்து ஒரு தட்டில் சின்னக் கண்ணாடிக் குவளைகள் வரும். புரோகிராமில் எத்தனை எண்ணிக்கை இருக்கிறதோ அத்தனை குவளை. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டுவார். மேசை டிராயரில் இருந்து ஒரு போத்தலை எடுப்பார். அதில் வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை. அவர் புரோகிராமை ஒவ்வொரு வரியாக வாசிப்பார். வரி ‘ஒன்று கூட்டு’ என்று சொன்னால் நான் அந்தக் குவளையில் ஒரு கச்சானைப் போட வேண்டும். ‘ஒன்றிலிருந்து ஆரம்பி’ என்றால் குவளையைக் காலி செய்துவிட்டு ஒன்று போட வேண்டும். நானாக யோசிக்கக் கூடாது. முக்கியமாக, தின்னக் கூடாது.

“ஓடும்போது தின்னா புரோகிராம் கெட்டுரும்,” என்பார். தப்பு அகப்பட்ட பிறகு கண்டுபிடித்தவர் தின்னலாம். இருபது வருடத்தில் நான் தின்ற கச்சானை அவர் தின்றதோடு ஒப்பிட்டால் என் திறமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆகவே ஒப்பிட வேண்டாம்.

இந்த முறை எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சுங்கை ரம்பாயில் ஒரு பம்ப் தானாக நின்று நின்று ஓடியது. மூன்று நாள் குவளையும் கச்சானுமாக உட்கார்ந்தோம். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் நேரில் போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புகள் குடும்பத்தோடு குடியிருந்தன. காதர் சார் பெயின்ட் பிரஷ்ஷால் அவற்றை மெதுவாக ஒதுக்கினார். “புரோகிராம் சரி. வாடகைக்கு இருந்தவங்கதான் சரியில்ல,” என்றார்.

இப்போது அந்த ‘ஐ’க்கு வருகிறேன்.

ஜாசினைத் தாண்டி விற்கப்பட்ட தோட்டத்து நிலத்தில் புதிதாக வீடுகள் எழும்பின. அங்கே தண்ணீர் விடும் வேலையை எங்கள் கம்பெனி எடுத்திருந்தது. மொத்தம் ஐந்து பகுதி. தோட்டத்துக் காலத்துப் பம்ப் வீட்டையே புதுப்பித்து வைத்துக்கொண்டார்கள். அதில் வேலை செய்த சன்னாசி அண்ணனையும் பம்ப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அவர் வீடு நாலாம் பகுதியில். தண்ணீர்ப் புரோகிராமைக் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆட்கள் எழுதினார்கள். அதில் வறட்சிக்கென்று சில வரிகள் இருந்தன: தண்ணீர் குறைந்தால் ஐந்து பகுதிக்கும் முறை வைத்து விட வேண்டும். வந்தவர்கள் ஒரே ஒரு பகுதியை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் வந்தது. எல்லாரும் கை தட்டினோம். வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மழை நன்றாகவே பெய்ததால் அந்த வரிகள் ஒரு தடவைகூட ஓடவில்லை.

பிறகு ஒரு வருடம் மழை ஏமாற்றியது. அணையில் சேறு தெரிந்தது. முறைத் தண்ணீர் ஆரம்பமானது. முதல் பகுதிக்கு ஒரு முறை வந்தது. ஐந்தாம் பகுதிக்கு ஒரு முறை வந்தது. அதற்குப் பிறகு நாலாம் பகுதிக்கு வந்தது, மறுபடி நாலாம் பகுதிக்கு வந்தது, அப்புறமும் நாலாம் பகுதிக்கே வந்தது. இரண்டாம் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் குழாயைத் திறந்தால் காற்றுதான்.

சன்னாசி அண்ணன் மகள் சுகந்திக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு இரண்டாம் பகுதியில். மாப்பிள்ளையின் அம்மா தெய்வானை அக்கா ஜாசின் பாசாரில் தோசைக் கடை வைத்திருந்தார். தண்ணீர் இல்லாமல் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரோ செய்தி கொண்டுவந்தார்கள்: பெண் வீட்டுப் பக்கம் மட்டும் தண்ணீர் கொட்டுகிறது, கல்யாணத்துக்கு இப்போதே தொட்டி நிரப்புகிறார்கள், பம்ப்பில் இருப்பது யார் என்று தெரியும்தானே. தெய்வானை அக்கா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். ‘ஊர் தண்ணியத் திருடுற வீட்டுல நாங்க பொண்ணு எடுக்குறது இல்ல.’

அதற்கு மறுநாள்தான் சன்னாசி அண்ணன் பஸ் பிடித்து பாச்சாங்குக்கு வந்தார். ஏற்கெனவே பல தடவை தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, “பச்சை விளக்கு எரியுது அண்ணே, எல்லாம் ஓகே லா,” என்று பதில் சொல்லியிருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது உண்மைதான். புரோகிராம் ஓடுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

சன்னாசி அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “தம்பி, அந்த மெஷினு என் வீட்டுப் பக்கம் மட்டும்தான் போவுது. நிறுத்தவே மாட்டேங்குது. அடுத்த வாரம் புள்ளைக்குக் கல்யாணம். இப்போ கல்யாணம் இருக்கா இல்லையான்னே தெரியல,” என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

காதர் சார் திரையைப் பார்க்கப் போகவில்லை. குவளைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். தனக்குத் தேநீர் வருகிறது என்று நினைத்து சன்னாசி அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

காதர் சார் வாசித்தார். முதல் வரி: ‘ஐ’ என்பது ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஒவ்வொரு பகுதியாக. நான் ‘ஐ’ என்று ஒட்டிய குவளையில் ஒரு கச்சான் போட்டேன். எந்தப் பகுதி என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். அடுத்து உள்ளே இருக்கும் சுற்று: அந்தப் பகுதியில் எத்தனை வால்வு இருக்கிறதோ, ஒவ்வொன்றாகத் திறந்து, தண்ணீர் விட்டு, மூடு. இதை எண்ணுவதற்கு நான் இரண்டாவது குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, “பேரு என்னா சார்?” என்றேன்.

காதர் சார் வரியை ஒரு தடவை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார்.

“ஐ,” என்றார். “அதே கிளாஸை எடுங்க.”

“சார், அதுல பகுதி எண்ணிக்கை இருக்கு.”

“நீங்க யோசிக்கக் கூடாது. அதையே எடுங்க.”

எடுத்தேன். முதல் பகுதியில் மூன்று வால்வு. குவளையைக் காலி செய்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன். நாலாவது விழுந்ததும் வால்வு தீர்ந்துவிட்டது, உள்சுற்று நின்றது. இப்போது வெளிச்சுற்றின் முறை. அதற்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. தன் குவளையில் ஒன்று கூட்டியது. ஐந்து. ஆகவே ஐந்தாம் பகுதி. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று பகுதிகளையும் தாண்டிக் குதித்துவிட்டது.

ஐந்தாம் பகுதியில் இரண்டு வால்வு. காலி செய்து ஒன்று, இரண்டு. மூன்றாவது விழுந்ததும் நின்றது. வெளிச்சுற்று ஒன்று கூட்டியது. நாலு. நாலாம் பகுதியிலும் இரண்டு வால்வு. ஒன்று, இரண்டு, மூன்றாவதில் நின்றது. வெளியே ஒன்று கூட்டினால் மறுபடியும் நாலு. வெளிச்சுற்று நிற்க வேண்டுமானால் குவளை ஐந்தைத் தாண்ட வேண்டும். உள்சுற்று ஒவ்வொரு தடவையும் அதை மூன்றில் விட்டுவிட்டுப் போகிறது. உலகம் அழியும்வரை நாலாம் பகுதிக்குத் தண்ணீர் வரும்.

மூன்று பேரும் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்சுற்றின் எண்ணிக்கைக்கு ‘ஜே’ என்று வேறு பெயர் கொடுத்தேன். இரண்டு குவளை வைத்து ஓட்டினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாகப் போய் நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் பம்ப் வீட்டில் ஏற்றிவிட்டோம். காதர் சார் கச்சானைத் தொடவில்லை. குவளையை அப்படியே சன்னாசி அண்ணன் பக்கம் நகர்த்தினார். வெளி ஆளுக்கு அவர் கச்சான் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சன்னாசி அண்ணன் சாப்பிடவில்லை. “தண்ணி சரியாப் போயிரும், சரி. தெய்வானை அக்காகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? ஒரு எழுத்து செஞ்சிருச்சுன்னா?” என்று கேட்டார்.

“நாங்க வர்றோம்,” என்றார் காதர் சார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேசவா, நிச்சயத்தை முறிக்கவா என்று யாருக்கும் தெளிவில்லை. காதர் சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாயில் உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்தார். தெய்வானை அக்காவுக்கு ஒரே குவளையில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினோம். அந்த அம்மா முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை பார்த்தார். நாலாம் பகுதி இரண்டாவது தடவை வந்தபோதே, “போதும் பாய், வெளங்கிருச்சு,” என்றார். அலுவலகத்தில் சிலருக்கு நான் இதை இன்னும் சில தடவை காட்ட வேண்டியிருந்தது.

“மெஷினு தானா அங்க போவும். அது சரி,” என்று தொடர்ந்தார். “ஆனா இவரு கை வைக்கலன்னு அந்தக் கிளாஸு சொல்லுமா?”

காதர் சார் குவளையைத் தட்டில் வைத்தார். “சொல்லாதுமா,” என்றார். அவரால் இல்லாததைச் சொல்ல முடியாது. எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் கோபமே வந்தது.

“அப்ப அம்மா முன்னாடி கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும். ‘நான் அந்த வால்வுல கை வைக்கல’. இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. கல்யாணம் நடக்கும்.”

பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தார். சன்னாசி அண்ணன் எழுந்தார். சுகந்தி தூணோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கற்பூரத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனார். வாயைத் திறந்தார். மூடினார். கையை இழுத்துக்கொண்டார்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தெய்வானை அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாங்கள் சரி செய்த புரோகிராம் எல்லாம் வீண் என்று தோன்றியது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அஞ்சலை அக்கா. நாலாம் பகுதியில் சன்னாசி அண்ணனுக்குப் பக்கத்து வீடு.

“அவரு எப்படி சத்தியம் பண்ணுவாரு? கை வச்சாருல்ல! மூடி மூடி வச்சாரு! நான் துணிக்குச் சோப்புப் போட்டுட்டு நிக்குறேன், தண்ணி நிக்குது. தலைக்கு ஷாம்பூ போட்டா நிக்குது. எட்டிப் பார்த்தா இவரு மெயின் பைப்புல தொங்கிக்கிட்டு சக்கரத்த முறுக்குறாரு. ‘ஏண்ணே, வர்ற தண்ணிய ஏன் நிறுத்துறீங்க’ன்னு கேட்டா, ‘நம்ம பக்கம் போதும் தங்கச்சி’ங்குறாரு. இவரு யாரு லா போதும்னு சொல்ல? நாங்க யாரும் இவரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போறதா இல்ல!”

அஞ்சலை அக்கா புகார் கொடுக்கத்தான் வந்திருந்தார். வேறு நோக்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பேசி முடித்துவிட்டு, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, “என்னா?” என்றார்.

தெய்வானை அக்கா கைப்பையோடு நின்றபடி சன்னாசி அண்ணனைப் பார்த்தார். “மூடுனீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். “மூடுனேன் அக்கா. அத மூடுனாத்தான் உங்க பக்கம் போவும்னு நெனச்சேன். போகல. உங்க பக்கத்து வால்வத் திறக்குற சாவி ஆபீஸ்ல இருக்கு. இத மூடுனா பம்ப்பு சூடாகி நின்னுருது. திரும்பத் திறந்தாத்தான் ஓடுது. பம்ப்பு நின்னா என் வேலை போயிரும், அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. கை வைக்கலன்னு நான் எப்படி கற்பூரத்த அணைக்கிறது?”

பம்ப்பை நிறுத்துவது எங்கள் கம்பெனியில் உண்மையிலேயே வேலை போகும் குற்றம். எல்லாரும் காதர் சார் பக்கம் திரும்பினார்கள். அவர் கச்சானை ஒவ்வொன்றாகப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தார். “ஆபீஸ் பாச்சாங்கில இருக்கு,” என்றார். “நான் இங்க கோயிலுக்கு வந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல.”

தெய்வானை அக்கா உட்கார்ந்தார். கல்யாணத் தேதி மாறாது என்று அந்த உட்காருதலிலேயே தெரிந்துவிட்டது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் சரி செய்த புரோகிராமுக்கு அதன் வேலை இருந்தது. ஐந்து பகுதிக்கும் ஒழுங்காக முறை வைத்துக்கொண்டே போனது. நான் நாள்காட்டியை வைத்துப் பார்த்தபோது, கல்யாணத்துக்கு முதல் நாள் இரண்டாம் பகுதியின் முறை, கல்யாணத்தன்று மூன்றாம் பகுதியின் முறை என்று வந்தது. கல்யாணம் நாலாம் பகுதியின் பொது மண்டபத்தில். அங்கே அன்று சொட்டுத் தண்ணீர் வராது.

அன்று மட்டும் முறையை மாற்றலாமா என்று காதர் சாரிடம் போய்க் கேட்டேன். “பம்ப் வீட்டுல கேளுங்க,” என்று மட்டும் சொன்னார். நான் சன்னாசி அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஒரு வரிதான் அண்ணே. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க பக்கம் திருப்பி விடுறேன். யாருக்கும் தெரியாது.”

அந்தப் பக்கம் பம்ப் ஓடும் சத்தத்துக்கு நடுவே, “வேணாம் தம்பி. இப்பதான் ஒழுங்கா ஓடுது. ஓடட்டும்,” என்றார்.

கல்யாணத்தன்று காதர் சாரும் நானும் சீக்கிரமே போய்விட்டோம். சமையல்காரர்கள் அடுப்பை மூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மண்டபத்துத் தொட்டியில் அடியில் கொஞ்சம் கிடந்தது. அஞ்சலை அக்கா வந்திருந்தார்; வர மாட்டேன் என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. தன் வீட்டில் பிடித்து வைத்திருந்த இரண்டு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க,” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் மேளச் சத்தம் கேட்டது. சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஊர்ந்து வந்தது. லாரி நிறைய நீல நிறத் தோங்குகள், அதாவது பீப்பாய்கள், வாய்வரை தண்ணீர். முந்தின நாள் தங்கள் முறையில் வந்ததை இரண்டாம் பகுதி வீடுகள் பிடித்துக் கொடுத்திருந்தன. எல்லாருக்கும் முன்னால் தெய்வானை அக்கா பட்டுச் சேலையில் நடந்து வந்தார். அவர் கையில் பழத்தட்டு இல்லை. குங்குமம் வைத்து மாவிலை செருகிய ஒரு பித்தளைக் குடம் இருந்தது.

வாசலில் நின்ற சன்னாசி அண்ணனிடம் அதை நீட்டினார். “மொத சீர் இதுதான்,” என்றார்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

காதர் சார் என் பக்கம் குனிந்து, “இன்னைக்கு இந்தப் பகுதிக்கு முறை இல்லதானே?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்ல சார்.”

“புரோகிராம் சரியாத்தான் ஓடுது,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

சன்னாசி அண்ணன் குடத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க ஊருக்குத் தண்ணீர் விட்ட மனிதர். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அதற்கு முன் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

“எறக்கி வைங்க சம்பந்தி, கனக்கும்,” என்றார் தெய்வானை அக்கா.

அவர் இறக்கி வைக்கவில்லை.